முக்கோணத்தில் ஒரு பொட்டு

மணிமேகலை சந்தேகப்படாத பொருள் ஸ்ரீரங்கத்தில் ஏதாவது மிச்சம் இருந்ததா என்பதே சந்தேகம்தான். பால் பாக்கெட்டை வாங்கினால் அதில் இருக்கும் தேதியைப் படிப்பாள். பிறகு அந்தத் தேதியையே நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். காய்க்காரர் நிறுத்துக் கொடுத்த அரைக்கிலோ கத்தரிக்காயை வீட்டுத் தராசில் மறுபடி வைப்பாள். எடை கூடுதலாகக் காட்டினால் தராசைச் சந்தேகப்படுவாள். ஆட்டோக்காரர் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டுவிட்டால் அந்த ஆட்டோவில் ஏறவே மாட்டாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சி.பி.ஐ. மேடம்'. அது அவளுக்கும் தெரியும். வைத்தது யார் என்பதில் மூன்று பேர்மேல் சந்தேகம் வைத்திருந்தாள்.

இந்தக் குணம் முற்றிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஹரிஹரசுதன் என்று ஓர் ஆராய்ச்சி மாணவன் அவளிடம் இருந்தான். படிய வாரிய தலை, தேனாகப் பேச்சு. ஐந்நூறு பேரிடம் கேள்வி கேட்டு வந்ததாகச் சொல்லிக் கட்டுக்கட்டாகத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தான். அவளும் நம்பிக் கையெழுத்துப் போட்டாள். வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் நாலைந்து தாள்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்து, "இத்தனை பேருக்கும் ஒரே கையெழுத்தா?" என்று கேட்டார். முதல் பத்தைத் தவிர அத்தனையையும் மன்னார்புரம் ரவுண்டானா பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவனே எழுதித் தள்ளியிருக்கிறான். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். பரிசோதகர் அவனைப் பார்த்துக் கேட்கவில்லை, மணிமேகலையைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த அவமானம் இன்னும் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அன்றிலிருந்து துறையில் யாராவது 'டீக்கடை' என்று சொன்னாலே தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று காது விடைத்துக்கொள்ளும்.

பிரான்சி அவளுடைய கடைசி மாணவி. அடுத்த வருஷம் மணிமேகலைக்கு ஓய்வு. பிரான்சியின் அம்மா ரோசம்மாள் மேலப்புதூரில் தையல் கடை வைத்திருந்தாள். ஜாக்கெட் தைத்துத்தான் மகளை இதுவரை படிக்க வைத்திருந்தாள். பிரான்சிக்குக் கொடுத்திருந்த கால நீட்டிப்பும் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஆய்வுச் சுருக்கத்தில் மணிமேகலையின் கையெழுத்து விழாவிட்டால் பதிவு ரத்தாகும், படித்த வருஷங்கள் அத்தனையும் போகும். இது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் மணிமேகலை திங்கட்கிழமை கடைசி அத்தியாயத்தைக் கையில் எடுத்தாள். அவசரத்தில் கொண்டுவரும் எதையும் நம்பக் கூடாது என்பது அவள் கொள்கை.

ஆய்வு இதுதான். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் சுமார் இருநூறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் கணவனிடமும் மனைவியிடமும் ஒரே கேள்வி: உங்கள் இல்லற வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு மனநிறைவு? பதில் ஐந்து படிகளில் இருக்கும். மிகவும் திருப்தி, திருப்தி, சுமார், அதிருப்தி, மிகவும் அதிருப்தி. இவற்றைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது, திருப்திக்கும் சுமாருக்கும் நடுவே எத்தனை அடி என்று அளக்கவும் முடியாது. எது மேல், எது கீழ் என்று மட்டும் தெரியும். கணவன் மேலே போனால் மனைவியும் மேலே போகிறாளா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதற்கு வழி இருக்கிறது. எந்த இரண்டு வீட்டை வேண்டுமானாலும் எடுத்து ஒப்பிட வேண்டும். இந்த வீட்டுக் கணவன் அந்த வீட்டுக் கணவனைவிட மேல்படியில் நிற்கிறான், இந்த வீட்டு மனைவியும் அந்த வீட்டு மனைவியைவிட மேல்படியில் நிற்கிறாள் என்றால் அது ஒத்துப்போகும் இணை. மனைவி மட்டும் கீழே நின்றால் முரண்படும் இணை. ஒத்துப்போவதிலிருந்து முரண்படுவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் காமா என்று ஓர் எண் கிடைக்கும். அது ஒன்றை நெருங்க நெருங்க உறவு பலமானது என்று அர்த்தம்.

பிரான்சிக்கு வந்திருந்த காமா, ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

மணிமேகலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஊரில் புருஷன் பெண்டாட்டிக்குள் இவ்வளவு ஒற்றுமை இருந்தால் குடும்ப நீதிமன்ற வாசலில் ஏன் அவ்வளவு கூட்டம்? காமா கொஞ்சம் பெருமையடிக்கிற எண்தான். ஒப்பிடும் இரண்டு வீட்டுக் கணவர்களோ மனைவிகளோ ஒரே படியில் நின்றுவிட்டால் அந்த இணையை ஓரங்கட்டிவிட்டு மிச்சத்தை வைத்து மார்தட்டும். அதனால் அந்தச் சமன்களையும் கணக்கில் சேர்க்கும் டௌ-பி என்ற அளவையும் போட்டுப் பார்த்தாள். எண் இறங்கியது. ஆனால் அவள் சந்தேகம் இறங்குகிற அளவுக்கு இறங்கவில்லை.

பிறகு அட்டவணையை எடுத்தாள். வரிசையில் கணவனின் ஐந்து படிகள், பத்தியில் மனைவியின் ஐந்து படிகள். மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கோட்டின்மேல் இருப்பவர்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னவர்கள். கோட்டுக்கு ஒரு பக்கத்து முக்கோணம், கணவனைவிடக் கூடுதல் திருப்தி சொன்ன மனைவிகள். அங்கே நல்ல கூட்டம். மறுபக்கத்து முக்கோணம், கணவனைவிடக் குறைவாகச் சொன்ன மனைவிகள். அங்கே ஈ காக்கை இல்லை. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம், ஒன்றே ஒன்றைத் தவிர. கணவன் 'திருப்தி', மனைவி 'சுமார்' என்ற கட்டத்தில் ஒரு 'ஒன்று' தனியாக உட்கார்ந்திருந்தது.

குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்தது அது. மணிமேகலைக்குச் சிரிப்பு வந்தது. முழுக்கக் காலியாக விட்டால் கண் உறுத்தும் என்று ஒரு பொட்டு வைத்திருக்கிறாள் பெண். கெட்டிக்காரி.

பிரான்சியைக் கூப்பிட்டாள். பக்கத்து மேஜையில் துறைத் தலைவர் டோமினிக் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும் என்று தெரிந்தும் மணிமேகலை குரலைத் தணிக்கவில்லை.

"இருநூறு வீட்டுல புருஷனைவிட ஒரு படி குறைச்சுச் சொல்ல ஒரே ஒரு பொம்பளைதான் இருந்தாளா?"

"அப்படித்தான் மேடம் வந்துச்சு."

"வந்துச்சா, வர வச்சியா?"

பிரான்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"எந்த டீக்கடையில உட்கார்ந்து எழுதின?" என்றாள் மணிமேகலை.

டோமினிக்கின் சிவப்புப் பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கினார், பிறகு எதற்கு வம்பு என்று குனிந்துகொண்டார். பிரான்சியின் கண்களில் நீர் கட்டிக்கொண்டது. ஆனால் குரல் உடையவில்லை. "வீடு வீடா நடந்தேன் மேடம். அம்மாவுக்குத் தீபாவளி ஆர்டர் குவிஞ்சு கிடந்தப்பகூட ஒரு நாள் தைக்க உட்காரலை. நீங்களே போய்க் கேளுங்க. அந்த ஒரு வீட்டை மட்டும் கேட்டாலும் போதும்."

இதையும் மணிமேகலை சந்தேகப்பட்டாள். இவ்வளவு தைரியமாக அந்த வீட்டைக் காட்டுகிறாள் என்றால் அங்கே சொல்லிவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இனிமேல் போன் செய்து சொல்லிவைப்பாள். "சரி, புதன்கிழமை போறேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டு அன்று சாயங்காலமே கிளம்பினாள்.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலையில் நெரிசலில் மாட்டி நின்றது. வழக்கமாக ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறவள் அன்று திருவானைக்காவலிலேயே இறங்கிக்கொண்டாள். முகவரி ஒரு செக்கு எண்ணெய்க் கடை. கடைக்கு மேலே வீடு. கடைக்காரர் பிச்சைமுத்துவுக்கு மருங்காபுரி பக்கம். ஊரிலிருந்து கடலை வரவழைத்து இங்கே ஆட்டி விற்கிறார். காலேஜிலிருந்து வருவதாகச் சொன்னதும் மாடிக்குக் கூட்டிப்போய் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். அவர் மனைவி வள்ளிக்கண்ணு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"இங்க ஒரு பொண்ணு வந்து கேள்வியெல்லாம் கேட்டாளா?"

"வந்துச்சுங்களே. கண்ணாடி போட்ட புள்ளை. வெயில்ல வந்துச்சுன்னு இவதான் மோர் கொடுத்தா," என்றார் பிச்சைமுத்து.

வந்திருக்கிறாள். மணிமேகலைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் வந்துபோன வீட்டிலும் பதிலை மாற்றி எழுத முடியும். "சரிபார்க்கிறதுக்காக வந்திருக்கேன். அன்னைக்குக் கேட்டதையே இன்னொரு தடவை கேட்டுக்கிறேன்," என்று கேள்வியை வாசித்தாள்.

"திருப்திதாங்க. அன்னைக்கும் அதான் சொன்னேன். அவளும் கடையைப் பார்த்துக்கிறா, நானும் பார்த்துக்கிறேன். வேறென்ன வேணும்?" என்றார் பிச்சைமுத்து.

"நீங்கம்மா?"

வள்ளிக்கண்ணு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எனக்கு ரொம்பத் திருப்திங்க."

பிரான்சியின் தாளில் அவளுக்கு நேராக இருந்தது 'சுமார்'. மணிமேகலைக்கு உடம்பு பூரா ஒரு சந்தோஷம் ஓடியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரருக்கு வருமே, அந்தச் சந்தோஷம். கூடவே வருத்தமும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது. ஹரிஹரசுதன் ஏமாற்றியபோது கோபம் மட்டும்தான் வந்தது. பிரான்சி ஏமாற்றியது வலித்தது.

எழுந்து படியிறங்கினாள். பின்னாலேயே வள்ளிக்கண்ணுவின் குரல் கேட்டது. "டீச்சரம்மாவுக்கு பஸ் ஸ்டாப்பைக் காட்டிட்டு வந்துடறேங்க."

பஸ் ஸ்டாப் கடை வாசலிலிருந்தே தெரிந்தது. மணிமேகலை சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். வள்ளிக்கண்ணு அவளை முந்திக்கொண்டு நடந்தாள். கடைக்குக் கேட்காத தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஏதும் பிரச்சினையாம்மா?"

"நீங்க சுமார்னு சொன்னதா எழுதியிருக்கா. நீங்க ரொம்பத் திருப்திங்கறீங்க."

வள்ளிக்கண்ணு முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "சுமார்னுதாம்மா சொன்னேன்."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு அவர் பக்கத்துல இருந்தாரே. அன்னைக்கு அவர் குளிச்சிட்டு இருந்தாரு. அந்தப் புள்ளை, சார் வரட்டும், அவர்கிட்ட முதல்ல கேட்டுக்கிறேன்னுதான் சொல்லுச்சு. எனக்கு உலை கொதிக்குது, என்னை முதல்ல கேட்டு விட்டுடுன்னேன். அவர் வந்து என்ன சொன்னாருன்னு இன்னைக்குத்தான் தெரியும். திருப்தின்னு சொல்லியிருக்காரு பாவம்." அவள் குரல் இறங்கியது. "அவர் எதிர்ல நான் சுமார்னா அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. தங்கமான மனுஷன். ஆனா மூஞ்சி வாடிப்போயிடும். அந்த வாடின மூஞ்சிக்கு நான்தானே தினம் சோறு போடணும்."

பஸ் வந்தது. மணிமேகலை ஏறும்போது வள்ளிக்கண்ணு அவள் கையைத் தொட்டு, "அவருக்குத் தெரிய வேண்டாம்மா," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிமேகலை அட்டவணையை மனசுக்குள் விரித்தாள். ஸ்ரீரங்கம் வருவதற்குள் பிரான்சிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஒவ்வொரு வீட்டுலயும் யாரை முதல்ல கேட்ட?"

"சாரைத்தான் மேடம். உள்ளே போனா அவங்கதான் முன்னால வந்து உட்காருவாங்க. அவங்களை விட்டுட்டு வீட்டம்மாவைக் கேட்டா நல்லா இருக்காதுன்னு..."

"அவர் பதில் சொல்றப்ப அந்த அம்மா எங்க இருந்தாங்க?"

"அங்கேயேதான் மேடம். பக்கத்துல, இல்லேன்னா சமையல்கட்டு வாசல்ல. எங்க வீட்டுலயும் அப்பா இருந்தவரைக்கும் அப்படித்தான். தப்பா மேடம்?"

தப்புதான். ஆனால் டீக்கடைத் தப்பு இல்லை. கணவன் ஒரு படியைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டு நிற்கும் மனைவி அந்தப் படிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள். ஒன்று அதிலேயே நிற்கிறாள், இல்லை மேலே ஏறிவிடுகிறாள். காமா ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றது இதனால்தான். வள்ளிக்கண்ணு மட்டும் முந்திக்கொண்டாள். அதனால் அந்த முக்கோணத்தில் அவள் மட்டும் இருக்கிறாள். எல்லாம் பொருந்தியது.

பொருந்தியதுதான் மணிமேகலைக்கு உறுத்தியது. ராத்திரி தோசை ஊற்றும்போதே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெய்க் கடைப் பெண் சரி. அவளுக்குப் புருஷன் முகம்தான் உலகம். ஆனால் இந்த இருநூறு வீட்டில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் குடியிருக்கும் பாங்க் ஆபீசர்கள் உண்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் உண்டு, வக்கீல் உண்டு. சம்பாதிக்கிற, படித்த பெண்கள். அவர்களும் புருஷன் முகத்தைப் பார்த்தா டிக் அடித்தார்கள்? ஒருத்திகூடவா இறங்கவில்லை? சில வீடுகளுக்குப் போய்விட்டுப் பல வீடுகளை உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கலாம். ஹரிஹரசுதனும் முதல் பத்து வீட்டுக்கு நிஜமாகவே போனான்.

இதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பிரான்சியைத் தன் வீட்டுக்கே வரச் சொன்னாள். வீதி மூலையில் ஸ்கூட்டியை நிறுத்திய இடத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கடையில் தெரிந்துகொண்டதைச் சொன்னாள்.

"மத்த வீட்டுல எப்படிக் கேட்டியோ அப்படியே எங்க வீட்டுல கேளு. முதல்ல சார். அப்புறம் நான். படிச்சவ, சம்பாதிக்கிறவ, புருஷன் எதிர்ல எப்படிப் பதில் சொல்லுவான்னு நீயே பாரு. நான் அவருக்குக் கீழே இறங்கிட்டேன்னு வை, இந்த விளக்கம் எண்ணெய்க் கடையோட சரி. கையெழுத்து கிடையாது."

பிரான்சி சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு வேறு வழி இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

மணிமேகலை தன் பதிலை முந்தின நாளே முடிவு செய்து வைத்திருந்தாள். சுமார். அதற்கு மேல் ஒரு படியும் இல்லை, கீழே ஒரு படியும் இல்லை. கணவர் மாதவன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடி கிடையாது, கோபம் கிடையாது. பேச்சும் கிடையாது. முப்பது வயதில் அவளுக்குக் கல்கத்தாவில் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பையனை யார் பார்த்துக்கிறது?" என்று கேட்டார். போகாதே என்று சொல்லவில்லை, அது மட்டும்தான் கேட்டார். அவள் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கல்கத்தா என்ற வார்த்தையை யாரும் எடுத்ததில்லை. பையன் வளர்ந்து பெங்களூர் போய்விட்டான். சாயங்காலம் அவள் கல்லூரியிலிருந்து வரும்போது மாதவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். இன்றைக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தன் அம்மாவிடம்கூட. நாளைக்கு ஒரு பெண் தாளில் குறித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தபோது, அதில் பயத்தோடு ஒரு ருசியும் இருந்தது.

கூடத்தில் மாதவன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மணிமேகலை சோபாவின் மறுமுனையில் நேராக உட்கார்ந்தாள். சமையல்கட்டு வாசலில் நிற்கவில்லை என்பதைத் தனக்குள் ஒரு தடவை குறித்துக்கொண்டாள்.

பிரான்சி கேள்வியை வாசித்தாள். ஐந்து படிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மாதவன் பேப்பரை மடித்தார். அதுவே அந்த வீட்டில் ஒரு சம்பவம். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட பையன் மாதிரி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"திருப்திம்மா," என்றார். "திருப்தின்னே போட்டுக்க."

சொல்லிவிட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்வதற்காக அவர் அவளைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் கண்கள் சின்னதாக இருந்தன. அந்த முகத்தில் கர்வம் இல்லை, அதட்டல் இல்லை. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற முகமாக இருந்தது.

"நீங்க மேடம்?" என்றாள் பிரான்சி.

மணிமேகலை வாயைத் திறந்தாள். பதில் தயாராக இருந்தது. முந்தின நாளிலிருந்து நாக்கு நுனியிலேயே இருந்தது.

"மிகவும் திருப்தி," என்றாள்.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவரோடு சமமாகக்கூட நிற்கவில்லை. ஒரு படி மேலே ஏறிப்போய் நின்றுவிட்டாள். ஏறச் சொன்னது யார்? பாலையும் தராசையும் பிள்ளைகளையும் சந்தேகப்பட்டே வாழ்ந்தவள், தன் நாக்கை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

மாதவனின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, கூச்சத்தில் கண்ணாடியைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது.

பிரான்சி சிரிக்கவில்லை. வெற்றி பெற்ற மாதிரி நிமிர்ந்து உட்காரவும் இல்லை. குனிந்து தாளில் குறித்துக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்," என்று எழுந்தாள். அதற்காகவே மணிமேகலைக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"தெருமுனை வரைக்கும் போய் விட்டுட்டு வந்துடறேங்க," என்று கணவனிடம் சொல்லிவிட்டு அவள் பின்னால் இறங்கினாள். தெருமுனை வாசலிலிருந்தே தெரிந்தது.

ஸ்கூட்டி சீட்டின்மேல் ஆய்வுச் சுருக்கத்தை வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டாள் மணிமேகலை. சீட்டின் வளைவில் கையெழுத்து கொஞ்சம் கோணியது. பரிசோதகர் சந்தேகப்படுவாரோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பை மாத்து," என்றாள். "உன் காமா, அவங்களுக்கு எவ்வளவு திருப்தின்னு அளக்கலை. யார் முதல்ல பேசினாங்கன்னுதான் அளந்திருக்கு. அதை அப்படியே எழுது, மறைக்காதே. தீசிஸ் கொடுக்கிறதுக்குள்ள கொஞ்சம் வீட்டுக்கு மறுபடி போய் ரெண்டு பேரையும் தனித்தனியா கேளு. அந்த முக்கோணம் எவ்வளவு ரொம்புதுன்னு பார்ப்போம்."

"சரிங்க மேடம்."

"டீக்கடைன்னு டோமினிக் சார் எதிர்ல கேட்டேன். அவர் எதிர்லயே நாளைக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்."

"அதெல்லாம் வேண்டாம் மேடம்." பிரான்சியின் குரல் அப்போதுதான் உடைந்தது. கண்ணாடியைத் தூக்கிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கூட்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

மணிமேகலை வண்டியின் கைப்பிடியை விடவில்லை.

"நாளைக்குக் காலையில வர்றப்ப அந்தக் கேள்வித்தாள்ல ஒண்ணு எடுத்துட்டு வா. டிபார்ட்மெண்ட்ல யாரும் வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட மறுபடி கேளு. தனியா."

பிரான்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. மாதவன் படியில் வந்து நின்றார். எப்போதோ சாப்பிட்டு முடித்திருக்க வேண்டிய நேரம் அது.

"மேகலை, தட்டு வச்சுட்டேன். வா, சேர்ந்து சாப்பிடலாம்."

"இதோ வந்துட்டேங்க," என்று குரல் கொடுத்தாள் மணிமேகலை. பிறகு பிரான்சியின் பக்கம் குனிந்து அவள் கையைத் தொட்டாள்.

"சாருக்குத் தெரிய வேண்டாம்."